ஊரை விட்டுப் போகாத அணி: ஹெர்ஷி பேர்ஸ் ஐஸ் ஹாக்கிக் கழகத்தின் வரலாறு

ஹெர்ஷி பேர்ஸ், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்ற சிற்றூரைச் சேர்ந்த தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணி. வட அமெரிக்க ஹாக்கியின் உச்சியில் இருப்பது என்.எச்.எல். எனப்படும் நேஷனல் ஹாக்கி லீக். அதற்கு அடுத்த படியில் இருப்பது ஏ.எச்.எல். எனப்படும் அமெரிக்கன் ஹாக்கி லீக். இந்த இரண்டாம் நிலை லீக்கில் ஹெர்ஷி அணி 1938 முதல் ஒரு பருவம்கூட விடாமல், ஊரும் மாறாமல் ஆடிவருகிறது. லீக்கின் கால்டர் கோப்பையை 2024 வரை 13 முறை வென்றிருக்கிறது. வேறெந்த அணியும் இத்தனை முறை வென்றதில்லை. அந்த ஊரின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 14,000 மட்டுமே.

இரண்டாம் நிலை லீக்குகளில் ஓர் அணி இவ்வளவு காலம் ஒரே ஊரில் நிலைப்பது அரிது. உரிமையாளர் கைமாறுவார்; அரங்கத்தை இடிப்பார்கள்; பெரிய லீக்கின் தாய் அணி தன் வீரர்களை வேறு ஊருக்கு அழைத்துக்கொள்ளும். அணி பெயரை மாற்றிக்கொண்டு புது ஊருக்குப் போகும், அல்லது கலைந்துவிடும். 1938-ல் ஹெர்ஷியோடு ஆடிய மற்ற ஏழு அணிகளில் ஒன்றுகூட இன்று அதே ஊரில் அதே அணியாக இல்லை. ஹெர்ஷி மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதற்கு விடை ஆட்டக்களத்தில் பாதிதான் கிடைக்கும். மீதியை அந்த ஊரின் சொத்துரிமை அமைப்பிலும் அதன் அரங்கங்களிலும் தேட வேண்டும்.

சாக்லேட் ஊர்

ஹெர்ஷி ஒரு தொழிலதிபரின் பெயரால் எழுந்த ஊர். கேரமல் மிட்டாய் தயாரித்துப் பொருளீட்டிய மில்டன் ஹெர்ஷி, 1900-ல் அந்த நிறுவனத்தைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். பால் பண்ணைகள் நிறைந்த டெர்ரி டவுன்ஷிப்பில் 1903-ல் சாக்லேட் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். ஆலை 1905-ல் ஓடத் தொடங்கியது. தொழிலாளர்களுக்கு வீடுகள், டிராம் வண்டி, வங்கி, பூங்கா என்று ஆலையைச் சுற்றி ஓர் ஊரே வளர்ந்தது. பிரதான சாலைக்குச் சாக்லேட் அவென்யூ என்றே பெயர்.

குழந்தைப்பேறு இல்லாத மில்டனும் அவர் மனைவி கேத்தரினும் 1909-ல் அநாதைச் சிறுவர்களுக்காக ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினர். கேத்தரின் 1915-ல் இறந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1918-ல், மில்டன் தன் நிறுவனப் பங்குகளைப் பள்ளியின் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அன்றைய மதிப்பில் அவை சுமார் ஆறு கோடி டாலர். 1927-ல் தொழில்கள் பிரிக்கப்பட்டபோது, சாக்லேட் தயாரிப்பு ஒரு நிறுவனத்திடமும், ஊரின் பூங்கா, விடுதி முதலானவை ஹெர்ஷி எஸ்டேட்ஸ் என்ற தனி நிறுவனத்திடமும் சென்றன. ஹாக்கி அணி பின்னாளில் இந்த இரண்டாவது நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. அந்த நிறுவனமே இன்று ஹெர்ஷி என்டர்டெயின்மென்ட் அண்ட் ரிசார்ட்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் முழு உரிமை அறக்கட்டளையுடையது. ஆக, அணி எந்தத் தனி மனிதரின் சொத்தும் அல்ல. ஒரு பள்ளியின் அறக்கட்டளைக்குச் சொந்தமான நிறுவனத்தின் ஒரு பிரிவு.

பனித்தளம் வந்த கதை

ஊரின் பொழுதுபோக்குப் பணிகளைக் கவனித்த ஜான் சோலன்பெர்கர் ஹாக்கியில் ஆர்வம் காட்டினார். 1931 பிப்ரவரி 17 அன்று, பனித்தளமாக மாற்றப்பட்ட மாநாட்டு மண்டபத்தில் பிலடெல்பியாவின் பென் அத்லெடிக் கிளப்பும் வில்லனோவா பல்கலைக்கழகமும் மோதின. கூட்டம் திரண்டதும் ஊருக்கென்றே ஓர் அணி வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. 1932-ல் உருவான அமெச்சூர் அணிக்கு ஆலையின் சாக்லேட் பாரை நினைவூட்டும் வகையில் 'பார்ஸ்' என்று பெயரிட்டார்கள். விளம்பர நெடி தூக்கலாக இருக்கிறது என்ற விமர்சனம் எழவே, 1936-ல் ஒலியில் அதையொத்த 'பேர்ஸ்', அதாவது கரடிகள், என்ற பெயர் நிலைத்தது.

அதே ஆண்டில் அணிக்குப் பெரிய வீடு ஒன்றும் கிடைத்தது. பொருளாதாரப் பெருமந்த ஆண்டுகளில் ஊராருக்கு வேலை கொடுப்பதற்காக மில்டன் ஹெர்ஷி கட்டடங்களாகக் கட்டிக்கொண்டிருந்தார். விடுதியும் சமூகக் கூடமும் 1933-ல் எழுந்தன. அந்த வரிசையில் வந்தது விளையாட்டரங்கம். அதை வடிவமைத்தவர் ஐரோப்பாவில் பயின்ற பொறியாளர் ஆன்டன் டெடெஸ்கோ. மெல்லிய கான்கிரீட் ஓட்டுக் கூரை கட்டும் ஜெர்மானிய முறையை அவர் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த நாட்டில் இம்முறையில் எழுந்த முதல் பெரிய கட்டடம் ஹெர்ஷி அரங்கம்தான்.

கூரையின் அகலம் சுமார் 222 அடி, நீளம் 340 அடி. ஓட்டின் கனமோ மூன்றரை அங்குலம்தான். முட்டை ஓட்டைப் போல, வளைவே அதற்கு வலு. இடைவெளி விட்டு நிற்கும் வளைவு விட்டங்கள் ஓட்டைத் தாங்குகின்றன. சாரம் கட்டி ஒரு பகுதிக்குக் கான்கிரீட் ஊற்றுவார்கள். அது இறுகியதும் சாரத்தை இறக்கி நகர்த்தி அடுத்த பகுதிக்குக் கொண்டுபோவார்கள். இத்தகைய வேலையை முன்பின் பார்த்திராத உள்ளூர்த் தொழிலாளர்களே இதைக் கட்டினார்கள். உள்ளே பார்வையை மறைக்க ஒரு தூணும் இல்லை. 7,286 இருக்கைகளில் எதிலிருந்து பார்த்தாலும் பனித்தளம் முழுதாகத் தெரியும். 1936 டிசம்பர் 19 அன்று முதல் ஆட்டம் நடந்தபோது, அரங்கின் இருக்கைகள் ஊரின் மக்கள்தொகையை விஞ்சியிருந்தன. சுற்றுவட்டாரத்து மக்களையும் நம்பியே அது கட்டப்பட்டது.

லீக்கில் நுழைவு

1936-ல் இரண்டு சிறிய லீக்குகள் கைகோத்து ஒரே அட்டவணையில் ஆடத் தொடங்கின. 1938 கோடையில் அவை முறைப்படி இணைந்தபோது எட்டாவது அணியாக ஹெர்ஷி சேர்க்கப்பட்டது. மற்ற ஏழும் ஸ்பிரிங்ஃபீல்டு, பிராவிடென்ஸ், பிலடெல்பியா, நியூ ஹேவன், கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க், சிரக்யூஸ் ஆகிய நகரங்களின் அணிகள். அந்தப் பட்டியலில் ஹெர்ஷிதான் மிகச் சிறிய ஊர். 1940-ல் லீக் தன் பெயரை அமெரிக்கன் ஹாக்கி லீக் என்று சுருக்கிக்கொண்டது. என்.எச்.எல்.லின் முதல் தலைவர் ஃபிராங்க் கால்டரின் பெயரால் அமைந்தது அதன் கோப்பை.

ஆட்டம் வேகமானது. பக்கத்துக்கு ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் கோல்கீப்பர். பந்துக்குப் பதிலாக 'பக்' என்னும் கெட்டி ரப்பர் வட்டு. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே களத்தில் ஓடிவிட்டு வீரர்கள் ஆள் மாற்றிக்கொள்வார்கள். ஆட்டத்தை நிறுத்தாமலேயே இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்.

அரங்கம் ஆண்டு முழுதும் சும்மா இருக்கக்கூடாது என்பதில் ஹெர்ஷி நிர்வாகம் தொடக்கம் முதலே குறியாக இருந்தது. 1940 பிப்ரவரியில் பல நகரங்களின் அரங்க உரிமையாளர்கள் ஹெர்ஷியில் கூடி, ஹாக்கி இல்லாத நாட்களில் அரங்குகளை நிரப்ப 'ஐஸ் கேப்பேட்ஸ்' என்ற பனிச்சறுக்கு நடனக் குழுவைத் தொடங்கினார்கள். சோலன்பெர்கர் அதில் முக்கியப் பங்காளி. ஏ.எச்.எல்.லில் ஒரு பருவத்தில் அதிகப் புள்ளி எடுக்கும் வீரருக்குத் தரப்படும் பரிசு இன்றும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 1962 மார்ச் 2 அன்று கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்து எவரும் முறியடிக்காத சாதனை படைத்ததும் இதே அரங்கில்தான். அன்று பார்வையாளர் எண்ணிக்கை 4,124.

அணி தன் முதல் கால்டர் கோப்பையை 1947-ல் பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸை ஏழு ஆட்டங்களில் வீழ்த்திப் பெற்றது. அடுத்த கோப்பைக்குப் பதினோரு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

மேதர்ஸின் காலம்

அந்தக் காத்திருப்பை முடித்தவர் ஃபிராங்க் மேதர்ஸ். கனடாவின் வின்னிபெக் நகரில் 1924-ல் பிறந்த இவர், பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸின் தற்காப்பு வீரர். 1956-ல் பிட்ஸ்பர்க்கின் பழைய அரங்கம் இடிக்கப்பட்டதால் அந்த அணி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. மேதர்ஸ் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர ஹெர்ஷிக்கு வந்தார். ஓர் ஊர் அரங்கத்தை இழந்ததன் பலன் இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

மேதர்ஸ் 1962 வரை ஆடினார், 1973 வரை பயிற்சியளித்தார், அதன்பின் நிர்வாகத்துக்கு மாறி 1991-ல் ஓய்வு பெற்றார். 35 ஆண்டுகள் ஒரே அணி. அவர் பயிற்சியில் 1958, 1959, 1969 ஆகிய ஆண்டுகளிலும், நிர்வாகத்தில் 1974, 1980, 1988 ஆகிய ஆண்டுகளிலும் கோப்பை கிடைத்தது. 1992-ல் டொரண்டோவின் ஹாக்கிப் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தது. பயிற்சியாளர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் இடம் மாறும் ஒரு லீக்கில் இவ்வளவு நீண்ட தொடர்ச்சி, உரிமையாளர் மாறாத இடத்தில் மட்டுமே வாய்க்கும்.

இதே ஆண்டுகளில் லீக் நொறுங்கிக்கொண்டிருந்தது. 1967-ல் என்.எச்.எல். ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியது. பிட்ஸ்பர்க்குக்குப் பெரிய லீக் அணி வந்ததும், இடையில் மீண்டும் ஆடத் தொடங்கியிருந்த ஹார்னெட்ஸ் மறைந்தது. 1970-ல் பஃபலோவிலும் அதுவே நடந்தது. 1972-ல் போட்டி லீக் ஒன்று முளைத்து வீரர்களையும் நகரங்களையும் இழுத்தது. ஒன்பது கால்டர் கோப்பைகள் வென்ற கிளீவ்லாந்து பேரன்ஸ் 1973-ல் ஃபுளோரிடாவுக்குப் பெயர்ந்து விரைவில் கலைந்தது. பிராவிடென்ஸ் அணி 1977-ல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனுக்குப் போனது. 1976–77 பருவத்தில் லீக்கில் மிஞ்சியவை ஆறே அணிகள். அந்த ஆறில் ஒன்று ஹெர்ஷி. ஊர் சிறியது என்பதே அப்போது கைகொடுத்தது: எந்தப் பெரிய லீக்கும் அந்த ஊரில் கண் வைக்கவில்லை.

தாய் அணிகளோடு ஒப்பந்தம்

பெரிய லீக் விரிந்ததால் ஏ.எச்.எல்.லின் வேலையே மாறிப்போனது. முன்பு அது பெரும்பாலும் தனித்து நிற்கும் லீக்காக இருந்தது. நல்ல வீரர் ஒருவர் தன் ஆட்ட வாழ்க்கை முழுவதையும் அங்கேயே கழித்துவிட முடிந்தது. பின்னர் அது பெரிய அணிகளின் நாற்றங்காலாக மாறியது. ஒவ்வொரு என்.எச்.எல். அணியும் தன் இளம் வீரர்களை ஏதாவது ஓர் ஏ.எச்.எல். அணியில் வைத்துப் பழக்கும். சம்பளம் தருவதும், மேலே அழைப்பதும், கீழே அனுப்புவதும் தாய் அணியின் உரிமை. பல இடங்களில் தாய் அணியே கீழ் அணியையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. ஹெர்ஷியோ உரிமையை விட்டுக்கொடுக்காமல் ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொண்டது. பாஸ்டன், பிட்ஸ்பர்க், பஃபலோ என்று தாய் அணிகள் மாறின. அணியின் பெயரும் ஊரும் மாறவில்லை.

1984-ல் பிலடெல்பியா ஃபிளையர்ஸுடன் கூட்டு ஏற்பட்டது. கோல்கீப்பர் ரான் ஹெக்ஸ்டால் 1985–86-ல் ஹெர்ஷியில் ஆடி லீக்கின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். அடுத்த பருவத்தில் பிலடெல்பியாவுக்குப் போனவர், என்.எச்.எல்.லின் சிறந்த கோல்கீப்பர் விருதையும் இறுதிக்கட்ட ஆட்டங்களின் சிறந்த வீரர் விருதையும் ஒரே ஆண்டில் வாங்கினார். 1988-ல் ஜான் பேடாக் பயிற்சியளித்த ஹெர்ஷி அணி கோப்பைக்கான சுற்றுகளில் ஆடிய 12 ஆட்டங்களையும் வென்றது. அதற்குமுன் எந்த அணியும் தோல்வியே இல்லாமல் கால்டர் கோப்பையைப் பெற்றதில்லை.

1996-ல் ஃபிளையர்ஸ் பிலடெல்பியாவிலேயே சொந்தமாக ஓர் ஏ.எச்.எல். அணியைத் தொடங்கியது. ஹெர்ஷியிலிருந்து அதன் வீரர்கள் கிளம்பினார்கள். வேறோர் ஊராக இருந்தால் அணிக்கு அதுவே முடிவாகியிருக்கும். ஹெர்ஷி உடனே கொலராடோ அவலாஞ்ச் அணியோடு கைகோத்து அடுத்த பருவத்திலேயே, 1997-ல், கோப்பையை வென்றது. அப்போதைய பயிற்சியாளர் பாப் ஹார்ட்லி பின்னர் கொலராடோவுக்கு உயர்ந்து, 2001-ல் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையையும் வென்றார்.

புதிய அரங்கம், பழைய உரிமை

டெடெஸ்கோவின் அரங்கம் 66 பருவங்கள் தாங்கியது. ஆனால் விருந்தினர் அறைகள், அகன்ற நடைவழிகள், உணவுக் கடைகள் என்று புதிய அரங்குகள் தரும் வருமானம் அதில் கிடைக்கவில்லை. 2002 அக்டோபரில் சுமார் 10,500 இருக்கைகளுடன் ஜயன்ட் சென்டர் திறக்கப்பட்டது. பெயர் சூட்டும் உரிமையை வாங்கிய நிறுவனம் அந்த வட்டாரத்துப் பல்பொருள் அங்காடி ஒன்று. விளம்பர நெடிக்காக 1930-களில் அணியின் பெயரையே மாற்றியவர்கள், இப்போது அரங்கின் பெயரை விற்று வருமானம் பார்த்தார்கள். பழைய அரங்கம் இடிபடவில்லை. உள்ளூர் ஆட்டங்களுக்கும் பயிற்சிக்கும் தொடர்ந்து பயன்பட்டது.

அரங்கம் எழுந்துகொண்டிருந்த அதே 2002 கோடையில், சாக்லேட் நிறுவனத்தை விற்றுவிட அறக்கட்டளை முனைந்த செய்தி வெளியானது. சூயிங்கம் நிறுவனமான ரிக்லி சுமார் 1,250 கோடி டாலர் தர முன்வந்தது. ஊரார் வீதியில் இறங்கினார்கள். மாநில அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். செப்டம்பரில் அறக்கட்டளை பின்வாங்கியது. விற்பனைப் பேச்சு ஆலையைப் பற்றியதே என்றாலும், அணியின் அடித்தளமும் அதே அறக்கட்டளைதான். நிலையான உரிமை என்பதுகூட யாரோ சிலரின் தீர்மானத்தில் தொங்குவது என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின.

வாஷிங்டனுடன் கூட்டு

2005-ல் வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் அணியோடு புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. தொலைவும் இதற்கு உதவியது: மாலையில் அழைப்பு வந்தால் வீரர் காரிலேயே இரவுக்குள் வாஷிங்டன் போய்விடலாம். முதல் பருவத்திலேயே, 2006-ல், பயிற்சியாளர் புரூஸ் பூட்ரோவின் கீழ் மில்வாக்கியை வீழ்த்திக் கோப்பை வந்தது. ஒன்பது கோப்பைகள் என்ற கிளீவ்லாந்தின் சாதனையை ஹெர்ஷி எட்டிப்பிடித்தது. அந்தச் சாதனையை வைத்திருந்த அணியோ அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கலைந்துவிட்டிருந்தது.

2007 நவம்பரில் தொடர் தோல்விகளால் வாஷிங்டன் தன் பயிற்சியாளரை நீக்கி, பூட்ரோவை மேலே அழைத்தது. அந்தப் பருவத்தின் முடிவில் என்.எச்.எல்.லின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்குக் கிடைத்தது. நல்ல வீரர்களைப் போலவே நல்ல பயிற்சியாளரையும் பருவத்தின் நடுவிலேயே பறிகொடுக்க வேண்டியிருப்பது இரண்டாம் நிலை லீக்கின் இயல்பு. பூட்ரோவின் உதவியாளராக இருந்த பாப் உட்ஸ் பொறுப்பேற்று 2009-ல் கோப்பை வென்றார்.

2009–10 அணியை ஹெர்ஷி ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். அந்தப் பருவத்தில் 60 வெற்றிகள். அதுவரை லீக்கில் யாரும் தொடாத எண்ணிக்கை. கீத் ஆக்கொயின் 106 புள்ளிகள் எடுத்தார். அலெக்சாண்டர் ஜிரூ 50 கோல் அடித்தார். அதற்கு முந்தைய பருவத்தில் அவர் அடித்தவை 60. இறுதிச் சுற்றில் டெக்சஸ் ஸ்டார்ஸிடம் சொந்த மண்ணில் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்ற ஹெர்ஷி, அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்று கோப்பையைப் பெற்றது. அந்த அணியில் ஆடிய ஜான் கார்ல்சனும் பிராடன் ஹோல்ட்பியும் 2018-ல் ஸ்டான்லி கோப்பை வென்ற வாஷிங்டன் அணியின் தூண்களானார்கள்.

பின்னர் பதின்மூன்று ஆண்டு இடைவெளி. பெருந்தொற்றால் 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் கோப்பைப் போட்டி நடக்கவில்லை. 2021-ல் சுருக்கப்பட்ட பருவத்தில் ஹெர்ஷியே லீக்கில் முதலிடம் பெற்றிருந்தும் கோப்பைக்கு ஆட வாய்ப்பில்லாமல் போயிற்று. 2023-ல் டாட் நெல்சனின் பயிற்சியில், கலிஃபோர்னியாவின் கோச்செல்லா வேலி அணிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் மைக் வெக்கியோனி அடித்த கோல் கோப்பையைத் தந்தது. அடுத்த ஆண்டும் அதே எதிரணி. இம்முறை ஆறாவது ஆட்டம், மீண்டும் கூடுதல் நேரம், கோல் அடித்தவர் மேட் ஸ்ட்ரோம். அதுவே பதின்மூன்றாவது கோப்பை.

அணி அமைப்பதில் உள்ள கட்டுகள்

ஏ.எச்.எல். அணி வெல்வதற்காக மட்டும் ஆட முடியாது. ஓர் ஆட்டத்தில் களமிறங்கும் 18 பேரில், கோல்கீப்பர்கள் நீங்கலாக, 13 பேர் வளர்நிலை வீரர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அவர்களில் பன்னிரண்டு பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேலும், பதின்மூன்றாமவர் 320-க்கு மேலும் ஆடியிருக்கக்கூடாது. அனுபவசாலிகளுக்கு எஞ்சுவது ஐந்து இடங்கள். அந்த ஐந்தை யாரைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் நிர்வாகத்தின் சாமர்த்தியம் தெரியும். ஆக்கொயின், ஜிரூ, வெக்கியோனி போன்றோர் பெரிய லீக்கில் நிலையான இடம் பிடிக்காதவர்கள். இந்த இரண்டாம் நிலை லீக்கிலோ முன்வரிசைக்காரர்கள். ஒரு பருவத்துக்கு 72 ஆட்டங்கள், பல வார இறுதிகளில் மூன்று நாளில் மூன்று ஆட்டங்கள், இடையே பேருந்துப் பயணங்கள். இந்த வாழ்க்கையைத் தேர்ந்துகொள்ளும் அனுபவசாலிக்கு நிரம்பிய அரங்கமும், வென்று பழகிய அணியும், நாளை இடம் மாறாத ஊரும் பெரிய ஈர்ப்பு.

ரசிகர்கள்

பார்வையாளர் எண்ணிக்கையில் ஹெர்ஷி பல பருவங்களில் லீக்கின் முதலிடத்தில் இருந்திருக்கிறது. ஹாரிஸ்பர்க், லங்காஸ்டர், லெபனான் ஆகிய அண்டை நகரங்களிலிருந்தும் கூட்டம் வருகிறது. பெரிய லீக் அணி ஏதும் பக்கத்தில் இல்லை. பிலடெல்பியா ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான பயணம். 2013 ஜனவரியில் திறந்தவெளி மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்கு 17,311 பேர் வந்தார்கள்.

அணியை உலகச் செய்திகளில் இடம்பெறச் செய்வது ஆண்டுதோறும் நடக்கும் கரடிப் பொம்மை வீச்சு. அந்த நாளில் ரசிகர்கள் பை பையாகப் பஞ்சுப் பொம்மைகளோடு வருவார்கள். ஹெர்ஷி அணி முதல் கோல் அடித்த நொடியில் எல்லாத் திசைகளிலிருந்தும் பொம்மைகள் பனித்தளத்தில் விழும். வீரர்கள் குவியலுக்குள் குதிப்பார்கள். ஊழியர்களும் தொண்டர்களும் அள்ளி எண்ணி முடிக்கும்வரை ஆட்டம் நிற்கும். அத்தனை பொம்மைகளும் வட்டாரத் தொண்டு நிறுவனங்கள் வழியே குழந்தைகளுக்குப் போகும். 2019-ல் 45,650 பொம்மைகள் சேர்ந்தன, 2023-ல் 67,309, 2024-ல் 74,599, 2025 ஜனவரி 5 அன்று 1,02,343. அரங்கின் இருக்கைகளோடு ஒப்பிட்டால் ஆளுக்குப் பத்துப் பொம்மைகளுக்குச் சற்றே குறைவு.

நிலைத்ததன் காரணங்கள்

ஹெர்ஷி அணியின் நீண்ட ஆயுளுக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது உரிமை. அணியை வைத்திருப்பது பூங்கா, விடுதி, அரங்கம் அனைத்தையும் அதே ஊரில் நடத்தும் நிறுவனம். அணி ஊரை விட்டுப் போனால் அரங்கம் வெறுமையாகும், குளிர்காலத்தில் விடுதிக்கு வரும் கூட்டம் குறையும். இடம்பெயர்வதால் அந்த நிறுவனத்துக்கு நட்டமே. இரண்டாவது அரங்கம். மற்ற ஊர்களில் அரங்கம் ஒருவர் கையிலும் அணி இன்னொருவர் கையிலும் இருந்து, வாடகைத் தகராறே பல அணிகளை விரட்டியது. ஹெர்ஷியில் இரண்டும் ஒரே கையில் இருந்தன. மூன்றாவது, தாய் அணிகளிடம் வீரர்களை மட்டும் பெற்று, அணியை ஒப்படைக்காமல் இருந்தது. பிலடெல்பியா போனபோது கொலராடோவும், கொலராடோ போனபோது வாஷிங்டனும் வந்ததற்கு இதுவே வழிவிட்டது.

கோப்பைகள் இம்மூன்றுக்கும் காரணமல்ல, பெரும்பாலும் விளைவு. 1959-க்கும் 1969-க்கும் இடையே பத்து ஆண்டுகள், 1997-க்கும் 2006-க்கும் இடையே ஒன்பது ஆண்டுகள், 2010-க்குப் பின் பதின்மூன்று ஆண்டுகள் என்று கோப்பையில்லாத காலங்கள் பல வந்துபோயின. அவற்றில் எதுவும் அணியின் இருப்பைக் கேள்விக்குள்ளாக்கவில்லை. ஒன்பது கோப்பைகள் வென்ற கிளீவ்லாந்தை அந்த வெற்றிகள் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டாம் நிலை லீக்கில் ஓர் அணியின் ஆயுளைத் தீர்மானிப்பது ஆட்ட முடிவுகளைவிட அதன் உரிமைப் பத்திரமே என்பது விளங்கும்.